மின்குமிழ்ப் பெட்டியில் தமிழ் எங்கே?

ஓசூரிலிருந்து தளிக்கோ இராயக்கோட்டைக்கோ இரவில் வழிச்செல்வோர், ஊரடங்கிய பின்னும் ஊருக்கு வெளியே விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருப்பதைக் கண்டிருப்பர். ஆங்குத் திருமணப் பந்தலும் இல்லை, தேர்த்திருவிழாவும் இல்லை. ஆள் நடமாட்டமே அற்ற வயலில், இடுப்பளவுகூட வளராத செடிகளின் தலைக்குமேல், கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய கம்பியில் நூற்றுக்கணக்கான மின்குமிழ்கள்! ‘மின்னாற்றலை இவ்வாறு பாழாக்குகின்றனரே’ என்று புதியவர் முகஞ்சுளித்தல் கூடும். பாழன்று அது. அவ்விளக்குகள் மாந்தர் கண்ணுக்கென எரிபவையல்ல. செவ்வந்திச் செடிக்கென எரிபவை. இன்னுஞ் செவ்வையாகச் சொல்லின், செவ்வந்தி இப்பொழுதே பூத்துவிடக் கூடாது என்பதற்காக எரிபவை.

பூவிற்றுப் பிழைப்பவன் பூவாதிருக்க விளக்கேற்றுவானேன்? இவ்வினாவுக்கு விடை அறிந்தவர் அவ்வயலுக்கு உரியவரான உழவர். சாமந்தி என்று பலரும் வழங்கும் செவ்வந்தி, இரவு நீண்டால் பூக்கும் செடி. பகல் குறுகி இரவு நீளும் பருவம் வந்தது என்று உணர்ந்தவுடன் இலைவிடுவதை நிறுத்தி அரும்பு கட்டத் தொடங்கிவிடும். நட்டுச் சில கிழமைகளே ஆன நாற்று அவ்வாறு அரும்பு கட்டினால், தண்டு குட்டை, கிளை இரண்டு, பூ நாலு! அதனை எந்த அங்காடியில் யார் வாங்குவார்? ஆகவே செடி உயர்ந்து கிளைத்துத் தழைக்கும்வரை ‘இன்னும் இரவு நீளவில்லை’ என்று அதனை நம்பவைக்க வேண்டும். அதற்கே நள்ளிரவை ஒட்டி இரண்டு முதல் நான்கு மணி நேரம் விளக்கொளி. செடி வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவர். பிறகு இரவு இரவாகவே தொடரும். செடி பூக்கத் தொடங்கும்.

இதன் அடிப்படையை அறிவியலர் கண்டு ஒரு நூற்றாண்டு ஆகின்றது. அமெரிக்க வேளாண்துறையைச் சார்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர், எவ்வளவு உரமிட்டும் கோடையில் பூவாமலே உயர்ந்துகொண்டிருந்த ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, செடி பூப்பதைப் பகல்நேர அளவு ஆள்கின்றது என 1920இல் வெளியிட்டனர். செடி உண்மையில் அளப்பது பகலையன்று, இடையறாத இருளையே என்பது 1938இல் ஆம்னர், பானர் என்பார் செய்த ஆய்வால் தெளிவாயிற்று. நெடிய இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பாய்ச்சினாலே போதும். செடி அவ்விரவை இரண்டு குற்றிரவுகளாகக் கொள்ளும். 1952இல் மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்சுவில் ஆய்வு நிலையத்தார், ஒளியில் எந்த நிறம் இதனைச் செய்கின்றது என்னும் வினாவுக்கும் விடை கண்டனர். செந்நிற ஒளியே அது. செடிக்குள் இருக்கும் நிறப்பொருள் ஒன்று செவ்வொளி பட்டால் ஒரு நிலைக்கும், கண்ணுக்குப் புலனாகாத விளிம்பை ஒட்டிய கடுஞ்செவ்வொளி பட்டால் மறு நிலைக்கும் மாறுகின்றது. செடியின் நாட்காட்டி இதுவே.

ஓசூரை இவ்வறிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12¾ பாகையில் உள்ள அவ்வூரில், ஆண்டின் மிக நெடிய பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. குளிர்காலத்துக் குறும்பகலோ 11½ மணிக்கும் குறைவு. மேலைநாட்டார் பயிரிடும் செவ்வந்தி வகைகள் பலவற்றுக்கு, அரும்பு கட்டாமல் நிறுத்திவைக்கப் பதின்மூன்றரை மணி அளவேனும் பகல் வேண்டும். ஆதலின் இம்மேட்டுநிலத்தில் அத்தகு வகைகளுக்கு ஏறக்குறைய எல்லாத் திங்களும் பூக்குந் திங்களே. தட்பவெப்பம் கொடைபோல் வாய்த்த நிலத்தில் இஃது ஒன்றே தடை. அத்தடையை நீக்கியது மின்குமிழ். எல்லைக்கு அப்பால் கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கங்களிலும் இதே காட்சிதான். ஆங்கு அப்பூவின் பெயர் சேவந்திகெ.

இனி, சிக்கல் எங்கே தொடங்குகின்றது என்று காண்போர் கடைத்தெருவுக்கு வரவேண்டும்.

நெடுங்காலம் அவ்வயல்களில் தொங்கியது, மக்கள் ‘குண்டு பல்பு’ என்று வழங்கும் இழைக்குமிழ். டங்குசுட்டன் என்னும் மாழையால் ஆன மயிரினும் மெல்லிய இழை, மின்னோட்டத்தால் ஏறத்தாழ 2500 பாகைச் செல்சியசு வெப்பத்தில் வெண்சுடராய்க் கனல்வதே அதன் ஒளி. ஆயினும் செலவாகும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஐந்தளவே ஒளியாகும், எஞ்சியது வெப்பம். அவ்வொளியில் செந்நிறப் பகுதி மிகுதி. செவ்வந்திக்கு வேண்டியதும் அதுவே. பின்னர் வந்தது ‘எல்இடி’ என்னும் ஒளியுமிழி. அதில் கனலும் இழை இல்லை. திண்மப் படிகத்தின் ஊடே மின்னோட்டம் செல்கையில் படிகமே ஒளியுமிழ்கின்றது. அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் நீலநிற ஒளியுமிழியை ஆக்கியதற்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவியதால்தான் வெண்ணிற ஒளி வீட்டுக்கு வந்தது.

உழவர்க்கு இதனால் விளைந்த ஊதியம் சிறிதன்று. ஒரு தோட்டத்தில் 100 குமிழ் தொங்குவதாகக் கொள்க. 60 வாட்டு இழைக்குமிழாயின், நாலு மணி நேரத்துக்கு ஓரிரவில் 24 அலகு மின்னாற்றல் செலவாகும். 9 வாட்டு ஒளியுமிழியாயின் 3.6 அலகு. முப்பது இரவுக்கு முன்னது 720, பின்னது 108. எந்த உழவர்தாம் மாறமாட்டார்? மாறவே வேண்டும்.

ஆனால் எந்த ஒளியுமிழிக்கு மாறுவது? ஒரே 9 வாட்டில், ஒரே உருவில், ஒரே விலையில் இருவகை உண்டு. ஒன்றன் பெட்டியில் 2700 என்றும் மற்றதன் பெட்டியில் 6500 என்றும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அருகே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள். எண் சிறிதாயின் ஒளியில் செம்மை மிகும்; எண் பெரிதாயின் நீலம் மிகும். பெரிய எண்ணுள்ள குமிழுக்கு ஆங்கிலத்தில் ‘குளிர்ந்த பகலொளி’ என்று பெயர். அது குளிர்ச்சி தருவதுமன்று. எண் பெரிதாதலின் ஒளி மிகுதி என்பதுமன்று. கண்ணுக்கு அது பளிச்சென்று தோன்றும். செவ்வந்திக்கோ அதில் வேண்டிய செம்மை குறைவு. ஒளி போதாது போயின், பூவாது நிற்க வேண்டிய செடி அரும்பு கட்டிவிடும். இதனை அறிந்து குமிழை நெருக்கித் தொங்கவிட்டோ, செம்மை மிக்க குமிழை வாங்கியோ உழவர் ஈடுகட்டலாம். அறிவதற்குத்தான் வழி இல்லை. வாட்டு எண் ஒன்றைத் தவிர, தம் பயிரைக் காக்கவோ கெடுக்கவோ வல்ல செய்தி அத்தனையும் அவர் படிக்க இயலாத மொழியில் அவர் கையிலேயே இருக்கின்றது. என்ன கொடுமை இது! பெட்டியை வாங்குபவர் உழவர். பெட்டி பேசுவதோ வேறு யாரிடமோ.

கோழி வளர்ப்போர் நிலையும் இத்தகையதே. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதற் சில கிழமைகள் வெப்பம் வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட்டு என்னும் கணக்கில் இழைக்குமிழைத் தாழத் தொங்கவிடுதல் தமிழகப் பண்ணையாரும் வீட்டுக் கோழி வளர்க்கும் பெண்டிரும் நன்கறிந்த முறை. 200 குஞ்சுக்கு 400 வாட்டு. அதாவது 100 வாட்டுக் குமிழ் நான்கு. ஒளிக்காகப் பார்த்தால் வீண் என்று இகழப்பட்ட அந்த வெப்பமே ஈண்டுத் தாய்ச்சிறகு. ‘பல்பு’ என்று மட்டும் கேட்டுக் கடையிலிருந்து ஒளியுமிழியை வாங்கிவந்து தொங்கவிட்டால், கூடு பட்டப்பகல்போல் விளங்கும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றேறி நெருங்கிக் குளிரில் மாயும். நான்கு குமிழும் சேர்ந்து 36 வாட்டு. அதிலும் அடியில் உள்ள குஞ்சுக்கு எட்டும் வெப்பம் மிகச் சிறிது.

ஆக, கடைக்காரர் ‘பல்பு’ என்கின்றார். வாங்குபவரும் ‘பல்பு’ என்கின்றார். பெட்டியும் ‘பல்பு’ என்கின்றது. ஒன்று வெப்பந் தரும், ஒன்று தராது. ஒன்றில் செம்மை, ஒன்றில் நீலம். மற்றொன்று, இடையில் சில்லாண்டுகள் பெருக விற்ற முறுக்குக்குழல் விளக்கு. அதனுள் பாதரசம் எனப்படும் இதள் உண்டு. உடைந்தால் சில்லுகளை வெறுங்கையால் வாரக்கூடாது. இத்தனைக்கும் ஒரே பெயர்! பெயர் என்பது பொருளைப் பிரித்துக் காட்டுதற்கு உரியது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி மறைக்கும் பெயரால் யாருக்குப் பயன்?

பிழைபட்ட பெயர் பணத்தையும் உறிஞ்சும் என்பதற்குப் பழையதோர் எடுத்துக்காட்டு உளது. படுக்கையறையில் இரவெல்லாம் எரியும் சிறு வண்ணக் குமிழை ‘சீரோ வாட்டு’ என்று நாடு முழுதும் வழங்கினர். சுழி வாட்டு என்றால் செலவே இல்லை என்றுதானே பொருள்? அவ்விழைக்குமிழ் உண்மையில் 12 முதல் 15 வாட்டு வரை உண்டுகொண்டிருந்தது. பெயரை நம்பி விடியவிடிய எரியவிட்ட வீடுகள் எத்தனை! இதனைப் பார்க்கையில், ஏமாந்தவனைப் ‘பல்பு வாங்கினான்’ என்று இக்கால இளைஞர் நகையாடுவது பொருத்தந்தான் போலும்.

அச்சொல்லின் பிறப்பையும் சற்று நோக்கலாம். ஆங்கிலத்துப் ‘பல்பு’ இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. முதற்பொருள் வெங்காயம் போன்ற கிழங்கு. கண்ணாடி உருண்டையைக் கண்ட ஆங்கிலன் தன் தோட்டத்துக் கிழங்கை நினைந்தான். அவன் மொழியில் அவன் பெயரிட்டான். அதில் குறைகாண ஒன்றுமில்லை. தமிழனும் தன் நீர்நிலையை நினைந்து பெயரிடலாமன்றோ? மழை விழும் குளத்தில் எழும் நீர்க்குமிழியை அக்கண்ணாடி எவ்வளவு ஒத்திருக்கின்றது! மெல்லிய சுவர், உள்ளே வளி, உடைந்தால் ஒன்றுமில்லை. மின்குமிழ் என்பது பொருளுக்கேற்ற பெயர். இதனைப் புலவர் சிலர் ஏட்டில் மட்டும் எழுதிவைத்த சொல் என்று எண்ணற்க. ஈழத்தில் பள்ளிப் பொத்தகத்திலும் கடையிலும் வீட்டிலும் வழங்கும் சொல் அது. பாக்கு நீரிணைக்கு அப்பால் சிறுவனும் சொல்லும் சொல், இப்பால் ‘கடுந்தமிழ்’ ஆகிவிடுமா?

மின் என்னும் வேரை எண்ணுந்தோறும் வியப்பே மிகும். மின்னல், மின்மினி, மினுக்கம் எல்லாம் அவ்வேரினவே. வானத்து மீனையும் அதனோடு சேர்த்துக் காட்டுவர் சொல்லாய்வர். கன்னடத்தில் மின்னலுக்கு மிஞ்சு என்று பெயர், அதுவும் அவ்வினமே. ஆனால் மின்னாற்றலுக்குப் பெயரிட வேண்டிய வேளையில் கன்னடமும் தெலுங்கும் தம் வேரை விட்டு ‘வித்யுத்’ என்னும் வடசொல்லை மேற்கொண்டன. தமிழ் தன் வேரை விடவில்லை. ‘சாரம்’ என்னும் ஒட்டைச் சேர்த்துக்கொண்டதுதான் குறை. அதனையும் விலக்கி மின், மின்னாற்றல், மின்னோட்டம் என்று வழங்குதல் எளிதே. மின்கட்டணம், மின்கம்பம், மின்தடை என்று மக்கள் நாள்தோறும் வழங்கியும் வருகின்றனர்.

‘சொல்லை மாற்றினால் செவ்வந்தி கூடுதலாகப் பூக்குமா?’ என்று கேட்போர் உண்டு. சொல்லை மட்டும் மாற்றினால் பூக்காதுதான். பல்பு என்னும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மின்குமிழ் என்னும் ஒரு சொல்லை வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. இழைக்குமிழ், குழல்விளக்கு, ஒளியுமிழி என்று வகைவகையாகப் பிரிந்து வழங்கும்பொழுதே தமிழ் தன் பணியைச் செய்யும். இழைக்குமிழ் என்று கேட்பவனுக்கு அதனுள் கனலும் இழையுண்டு, வெப்பமுண்டு என்பது பெயரிலேயே விளங்கும். ஒளியுமிழி என்னும் பெயரைக் கேட்டவளுக்கு அது ஒளியை மட்டும் உமிழ்வது, குஞ்சுக்கு ஆகாது என்பது யாரும் சொல்லாமலே தோன்றும். ‘எல்இடி’ என்னும் மூன்றெழுத்து அவளுக்கு எதனைத் தோற்றுவிக்கும்? ஆங்கிலம் கற்றோரிலும் அதன் விரிவைச் சொல்லவல்லார் எத்தனைபேர்?

இவ்விடத்துத் தமிழ்ச்சொல் ஆக்குவோரையும் ஒன்று கேட்டல் தகும். பள்ளிப்பாடத்தில் இதனை ‘ஒளி உமிழ் டையோடு’ என்று எழுதியுள்ளனர். பாதி தமிழ், பாதி அயல். இதனை முற்றும் தமிழாக்க முனைந்தவர் ‘ஒளி உமிழ் இருமுனையம்’ என்றனர். பிழையில்லை, ஆனால் குமிழ் வாங்கக் கடைக்குச் செல்பவர், கூட்டத்தின் நடுவே நின்று, ‘ஒன்பது வாட்டு ஒளி உமிழ் இருமுனையம் நாலு கொடுங்கள்’ என்று கேட்பாரா? குண்டு என்று ஒரே சொல்லில் இழைக்குமிழைப் பிரித்துக் காட்டிய பொதுமக்களின் சொல்லறிவு, அத்துறை அறிஞர்க்கும் வேண்டும். ஒளியுமிழி என்று ஐந்தெழுத்தில் முடிவதை எட்டுப் பத்தெழுத்துக்கு நீட்டுவானேன்? தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் சொற்களைத் தொகுத்துக்கொண்டே வருகின்றது. தொகுத்த சொல் கடைப்பலகைக்கும் பெட்டிக்கும் வரவில்லையெனில் அது பேழையிலிட்ட விதைநெல்லே.

இவ்வட்டாரத்துக்கு மின்னொளி வந்த வரலாறே படிப்பினை மிக்கது. காவிரி வீழும் சிவனசமுத்திரத்தில் மைசூர் அரசு அமைத்த மின்நிலையத்திலிருந்து, 1902ஆம் ஆண்டு சூன் திங்கள் இறுதியில், ஏறத்தாழ 147 கல்லயிர (கிலோமீட்டர்) தொலைவுள்ள கோலார்ப் பொன்வயலுக்கு மின்னாற்றல் சென்றது. அக்காலத்தில் உலகிலேயே நெடிய மின்தொடர்களுள் அஃதொன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்தே, 1905 ஆகத்து 5ஆம் நாள். அப்பொன்வயலின் ஆழ்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோருள் பெரும்பகுதியினர் யார்? வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். காவிரி நீரால் எரிந்த அவ்வொளியின் பயனாய்ப் பொன்னை வெட்டியெடுத்தவை அவர்தம் கைகள். சுரங்கத்தை நடத்தியது இலண்டன் குழுமம். கண்காணி, பொறியாளர், மேலாளர் ஆகிய யாவரும் ஆங்கிலத்தில் ஏவினர். கம்பியின் வழியே மின்னோடு சொல்லும் வந்தது. ‘பல்பு’, ‘கரண்டு’, ‘சுவிச்சு’, ‘பியூசு’ எல்லாம் அவ்வாறு ஏவல்மொழியாய் வந்து குடியேறியவையே. பொன்வயல் 2001 பிப்பிரவரியில் மூடப்பட்டது. ஏவிய குழுமமும் மறைந்தது. ஏவல்மொழி மட்டும் நிலைத்துவிட்டது.

ஏவல்மொழியின் இடத்தை இன்று நடுவணரசின் நெறிமுறை காத்து நிற்கின்றது. 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த பொதிபொருள் நெறிமுறைகள், பெட்டியின்மேல் கட்டாயம் அச்சிடவேண்டிய செய்திகளைத் தேவநாகரி எழுத்தில் இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் பொறிக்க வேண்டும் என்கின்றன. பிற மொழியில் கூடுதலாகப் பொறிப்பதற்குத் தடையில்லை என்று ஓர் ஒட்டு. அவ்வளவே! தமிழகத்தில் ஆக்கி, தமிழகத்தில் விற்று, தமிழன் வாங்கும் பெட்டியில் இந்தி மட்டும் இருந்தால் சட்டத்துக்கு நிறைவு. தமிழ் மட்டும் இருந்தால் சட்டத்துக்குக் குற்றம். விலையும் அளவும் ஆக்கியோன் பெயரும் இவ்வாறு அயன்மொழியில் அமைந்த பின், ஒளியின் நிறம், வெப்பம், நனையலாகாது என்னும் எச்சரிக்கை முதலியவற்றைத் தமிழில் எழுத எந்தக் குழுமம் தானாக முன்வரும்? மழையில் நனையும் வயலில், வீட்டுக்குள் எரிதற்கென்றே ஆன குமிழைத் தொங்கவிடுவது உயிருக்கே ஏதம் விளைக்கும். அந்த எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான்.

அரசுத் திட்டத்தின் பெயர்க்கும் இதே கதி. ஒளியுமிழிக் குமிழைக் குறைந்த விலையில் பரப்ப நடுவணரசு 2015 சனவரி 5ஆம் நாள் தொடங்கிய திட்டத்துக்கு ‘உசாலா’ என்று பெயர். விரித்தால் முன்பாதி இந்தி, பின்பாதி ஆங்கிலம். அதன்வழி நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட குமிழ்கள் மக்கள் கைக்குச் சென்றன. திட்டத்தின் பயனை மறுப்பார் இலர். மின்செலவைக் குறைத்த பெருஞ்செயல் அது. ஆயினும் 36 கோடி முறை ஒரு பொருள் கைமாறுங்கால், அப்பொருள் யாது, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று வாங்குவோர் மொழியில் நான்கு வரி சேர்த்திருந்தால் எத்துணை அறிவு பரவியிருக்கும்! வாய்ப்பு வந்தது, போயிற்று.

எல்லைப்புறத்தில் வாழ்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இக்குறை கன்னடராலோ தெலுங்கராலோ நேர்ந்ததன்று. ஓசூரில் மூன்று மொழியும் தெருவில் கலந்தே ஒலிக்கின்றன. அவ்வூர்ப் பெயரே கன்னடத்தார்க்குப் ‘புத்தூர்’ என்று பொருள்படும். அத்திப்பள்ளிக்கு அப்பால் செவ்வந்தி வயலில் நிற்கும் கன்னட உழவரும் அதே பெட்டியை அதே திகைப்போடுதான் புரட்டிப் பார்க்கின்றார். நடுவணரசின் அந்நெறிமுறைப்படி, கருநாடகத்தில் விற்கும் பெட்டியிலும் கன்னடம் கட்டாயமன்று. அதுவும் ‘கூடுதல் மொழி’யே. எல்லைக்கோட்டைப் பற்றிப் பூசலிடும் இருபாலாரும் இதில் ஒருசேரக் குரலெழுப்பினால், தில்லியின் செவி சற்றேனும் திறக்கும்.

தில்லி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. கூடுதல் மொழிக்குத் தடையில்லை என்று நெறிமுறையே சொல்லிவிட்டது. தமிழகத்தில் மின்குமிழை மிகுதியாக வாங்குபவர் யார்? அரசும் அதன் உறுப்புகளுமே. ஊராட்சித் தெருவிளக்கு, நகராட்சித் தெருவிளக்கு, பள்ளி, மருத்துவமனை, விடுதி என்று ஆண்டுதோறும் கொள்முதல் நடக்கின்றது. 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூர் ஒன்றே எத்தனை தெருவுக்கு விளக்கிட வேண்டும்! வாங்குபவன் சொன்னதை விற்பவன் கேட்பான். ‘பெட்டியிலும் குமிழின் அடிப்பகுதியிலும் வகை, ஒளியின் நிறம், எச்சரிக்கை ஆகியவை தமிழில் அச்சிடப்பட வேண்டும்’ என்று விலைப்புள்ளி அழைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக்கு ஒருவகைப் பெட்டி, கடைக்கு வேறுவகைப் பெட்டி என்று அச்சிடுதல் குழுமங்களுக்குச் செலவு. ஆதலின் கடைப்பெட்டியும் விரைவில் தமிழ் பேசும். பல மொழிகளில் அச்சிட்ட மடிதாள்களோடு அயல்நாடுகளுக்குப் பொருளை ஏற்றுமதி செய்யத் தெரிந்த தொழிலுலகுக்கு, தமிழில் நான்கு வரி அச்சிடுதல் இயலாததா? மனமில்லை என்பதன்றி வேறு கரணியம் காண்பதற்கில்லை.

1971 முதல் இயங்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் தம் பங்குக்குச் செய்யத்தக்கது ஒன்று. செவ்வந்திக்கு எவ்வகை ஒளி, எத்தனை அடி உயரத்தில், எத்தனை அடி இடைவெளியில், எத்தனை இரவு என்பதைத் தமிழில் ஓர் ஒற்றைத்தாளாக அச்சிட்டு, நாற்றுப்பண்ணைதோறும் ஒட்டிவைக்கலாம். இன்று அவ்வறிவு ஓர் உழவர் வாயிலிருந்து மற்றோர் உழவர் செவிக்குச் செல்கின்றது. அது போற்றத்தக்கதே, ஆயினும் இழைக்குமிழ்க் காலத்துக் கணக்கு ஒளியுமிழிக்கு அப்படியே பொருந்தாது. செவிவழி அறிவு தன்னைத் திருத்திக்கொள்ளப் பல பருவமாகும். அதற்குள் கைமுதலை இழப்பவர் சிற்றுழவரே. தொழிற்பயிற்சி நிலையத்தில் கம்பி இணைக்கக் கற்கும் இளைஞர்க்கும் இச்சொற்களைத் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும். தோட்டத்துக்கு வந்து இணைப்புக் கொடுப்பவர் அவர். உழவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியவரும் அவரே. கசியும் மின்னைக் கண்டவுடன் தானே துண்டிக்கும் காப்புக்கருவி, ஈரவயலில் இழுத்த கம்பிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை ஆங்கிலக் குறுக்கெழுத்துகளில் சொன்னால் யார் நினைவில் நிற்கும்?

பெட்டியில் வேண்டுவது பெருங்காப்பியமன்று. கிருட்டிணகிரி, ஓசூர்க் கடைகளில் விற்கும் பெட்டியின் ஒரு பக்கத்தில், விலைக்குக் கீழே, இவ்வளவு இருந்தால் போதும்: ஒளியுமிழிக் குமிழ், 9 வாட்டு, செம்மை மிக்க ஒளி, 2700, வெப்பம் தராது, குஞ்சுக்கு ஆகாது, மழையில் நனையலாகாது. கன்னடத்தில் அதனை எழுதிக்கொள்ள மறுபக்கமும் இருக்கின்றது.